காற்றின் வாசலில் குடியிருந்தும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்றுக்கென்று ஒரு வாசல் உண்டென்றால் அது பாலக்காட்டுக் கணவாய்தான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் மலை ஒதுங்கி வழிவிட்ட இடம். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து வந்து உதட்டை வெடிக்க வைக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தெற்கே, இடுக்கி எல்லையில் ராமக்கல்மேடு. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் அந்தப் பாறைமேல் நின்று பேசினால் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது. அங்கேயும் காற்றாலைகள் சுற்றுகின்றன.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று இந்தப் பக்கமும், மூணாறு, வட்டவடை, பூப்பாறை, வண்டன்மேடு, குமுளி என்று அந்தப் பக்கமும் கேரளத்துக்குள் தமிழ் பேசி வாழ்கிற நமக்கு ஊரெல்லாம் காற்று. வீட்டுக்குள் மட்டும் இல்லை. யாரும் நம்மைத் தடுக்கவில்லை. கொசு வருகிறது, தூசி வருகிறது, திருடன் வருவான், பனி இறங்குகிறது என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி ஜன்னலைச் சாத்தியவர்கள் நாம். சாத்திய பிறகு உள்ளே அடுப்பைப் பற்றவைத்தவர்களும் நாமே. இப்போது வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார். அந்த இருமலைப் பழகிய சத்தமாக எடுத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறோம்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அடுப்புப் புகை ஆளைக் கெடுக்கும் என்று சொல்லப்பட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. பர்மாவில் பிறந்த டாக்டர் எஸ். பத்மாவதி, 1942-இல் ஜப்பானியப் படை அங்கே நுழைந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். பின்னாளில் இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர் ஆனார். தில்லியில் அவர் பார்த்த நோயாளிகளில், நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோனவர்கள் ஏராளம். அவர்களில், பெரும்பாலும் பீடி, சிகரெட் பக்கம் போகாத பெண்கள் ஆண்களுக்குச் சமமாக இருந்தார்கள். அவர்கள் மூச்சோடு உள்ளே போனது அடுப்புப் புகை. 1959-இல் அவரும் அவருடைய சக மருத்துவரும் இதை எழுதினார்கள். 1981-இல் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியைப் பொருத்தி, அவர்கள் இழுக்கும் புகையை அளந்தார். வாளையாரைத் தாண்டினால் கோயம்புத்தூர். அங்கே வந்து சேர்ந்த ஒரு பெண் பிற்காலத்தில் சொன்னது, இத்தனை வருஷத்தில் நம் சமையற்கட்டு வரைக்கும் வந்து சேரவில்லை. வந்தபோது நாம் கதவைத் திறக்கவில்லை என்பதுதான் சரி.

நாம் கட்டிய வீடுகளையே பார்ப்போம். பழைய ஓட்டு வீடுகளில் புகைக்கு ஒரு வழி இருந்தது. ஓட்டுச் சந்துகளில் கசிந்து வெளியே போகும். விடியற்காலையில் தள்ளி நின்று பார்த்தால் ஊர்க்கூரைகள் எல்லாம் புகைந்துகொண்டிருக்கும். அதுவும் நல்ல ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை. சுவர் கறுத்தது, கண் எரிந்தது. ஆனாலும் புகை போனது. பிறகு கையில் நாலு காசு வந்ததும் ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டோம். கூரையை மாற்றிய நாம் அடுப்பை மாற்றவில்லை.

மாற்றினோமே என்று சிலர் சொல்லலாம். முன் சமையலறையில் கிரானைட் மேடை, கேஸ் அடுப்பு, மேலே கண்ணாடி வைத்த சிம்னி. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கு அந்த சிம்னியைப் போட்டுக் காட்டினோம். சத்தம் தாங்கவில்லை, கரண்ட் பில் ஏறுகிறது, எண்ணெய்ப் பிசுக்கை யார் துடைப்பது என்று அதற்கப்புறம் அதன் சுவிட்சை யாரும் தொடவில்லை. உண்மையான சமையல் பின்பக்கத்து வொர்க் ஏரியாவில் நடக்கிறது. தகரம் வேய்ந்து, திருட்டுக்குப் பயந்து கம்பி அடித்து, மழைச்சாரலுக்குத் தார்ப்பாய் கட்டி, மூன்று பக்கமும் அடைத்த இடம். அங்கே விறகடுப்பில் உலை கொதிக்கிறது, மாட்டுக்குத் தண்ணீர் காய்கிறது, நாம் குளிக்க வெந்நீர் காய்கிறது. தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும் மூலையில் குவிந்திருக்கின்றன. சிலிண்டரை விருந்தாளி வந்தால் காப்பி போட வைத்திருக்கிறோம். ஒரு சிலிண்டர் எத்தனை மாதம் வந்தது என்பது நமக்குப் பெருமையான பேச்சு. அது அத்தனை மாதம் வந்ததற்கு யாருடைய மூச்சு செலவானது என்று நாம் கணக்குப் பார்த்ததில்லை.

"விறகடுப்புச் சோத்து ருசி கேஸ்ல வராதுங்க" என்று சொல்வதும் நாம்தான். அந்த ருசியைச் சாப்பிடுகிறவர் ஒருவர், ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிகிறவர் வேறொருவர். இதை எழுதுகிறவனும் அந்தச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்தான்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் சுமார் 83 சதவீதம், கேரளத்தில் சுமார் 72 சதவீதம். படிப்பிலும் ஆஸ்பத்திரியிலும் முன்னால் நிற்கிற மாநிலம் அடுப்பு விஷயத்தில் பின்னால் நிற்கிறது. தோப்பில் மட்டை விழுகிறது, விறகுக்குக் காசில்லை, பிறகெதற்கு கேஸ் என்று கேட்டவர்கள் நாம்.

மாற்று வழி தூரத்தில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பாலக்காட்டை ஒட்டி முண்டூரில், கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத்தின் கிராமத் தொழில்நுட்ப மையம் 1987 முதல் இருக்கிறது. 1980-களில் பரிஷத் அடுப்பு என்ற பெயர் கேரளத்தின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த பெயர். விறகு குறைவாகச் செலவாகும், புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். பாதி வெந்த அரிசியைப் பானையோடு உள்ளே வைத்து மூடினால் மிச்சத்தை அதன் சூட்டிலேயே வேகவைக்கும் சூடாறாப்பெட்டியையும் அவர்களே வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். நம் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் அந்த அடுப்பு வந்தது. வந்த அடுப்பை நாம் என்ன செய்தோம்? குழாயில் படியும் கரியை அவ்வப்போது தட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது யார் வேலை என்று வீட்டில் முடிவாகவில்லை. ஏணி போட்டு ஏறவேண்டிய வேலை என்பதால் பெண்கள் நம்மிடம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றோம். குழாய் அடைத்துக்கொண்டது, புகை உள்ளே திரும்பியது, "இந்த அடுப்பு சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லி இடித்துவிட்டோம்.

ஒரு குழாயால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சீனாவில் ஒரு பதில் இருக்கிறது. யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற ஊர்ப்பக்கம் வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பார்கள், புகைக்கு வழி கிடையாது. புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய குடும்பங்களையும் மாறாதவர்களையும் 1976 முதல் 1992 வரையான காலத்துக்குப் பின்னோக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாறியவர்களில் சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆண்களிடம் 42 சதவீதமும் பெண்களிடம் 25 சதவீதமும் குறைந்திருந்தது. நாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்ட வேலையின் பெறுமானம் அது.

மலைக்குப் போனால் கதை இன்னும் பழையது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் சமையற்கட்டு. மார்கழிக் குளிரில் மூணாறு பக்கம் வெளியே புல்லில் உறைபனி படியும். கதவைத் திறந்து வைக்கச் சொல்வது சுலபம், அங்கே ஒரு ராத்திரி தூங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஜூனில் மழை பிடித்தால் விறகு நனைந்து கிடக்கும். ஈரவிறகை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிக் காயவைப்பார்கள். கொழுந்து கிள்ளப் போய் நனைந்து வந்த துணியும் கம்பளியும் அதே புகையில்தான் காயவேண்டும். பச்சை விறகு பிடிக்காதபோது ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுருட்டி அடியில் வைத்தால் குப்பென்று பற்றும். அந்த ஒரு நொடி வசதிக்கு அந்த அறையிலிருக்கிற அத்தனை பேரும் விஷத்தை மூச்சில் வாங்குகிறார்கள். கதகதப்பு இருக்கிறதே என்று குழந்தையின் தொட்டிலும் அங்கேதான் தொங்கும். அவர்களுக்குப் புகை வெறும் தொந்தரவு இல்லை. குளிருக்கு அணைப்பு, துணிக்கு வெயில், கொசுவுக்கு வேலி. இதைப் புரிந்துகொள்ளாமல் அறிவுரை சொல்லக்கூடாது.

நம் குற்றம் அறிவுரை சொல்லாதது அல்ல. அங்கே இருப்பவர்கள் நம் சொந்தக்காரர்கள். கல்யாணம், சீர், சாவு என்று போயிருக்கிறோம். உள்ளே போனதும் கண் எரிகிறது என்று வெளியே வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து டீ வந்தது. வாங்கிக் குடித்தோம். டீ கொண்டுவந்த கையைப் பார்த்தோமே தவிர, கொண்டுவந்தவள் வாசற்படியில் நின்று இரண்டு மூச்சு சேர்த்து இழுத்ததைப் பார்க்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றில் தோட்டத்துப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று திரண்டு போனசுக்காகத் தெருவில் உட்கார்ந்தபோது கைதட்டினோம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் போனபோது அழுதோம். லயம் என்றதும் நமக்கு நினைவு வருவது இவ்வளவே. இடைப்பட்ட ஐந்து வருஷமும் அந்தச் சமையற்கட்டுகளில் அடுப்பு எரிந்தது; அது செய்தி ஆகவில்லை, நாமும் கேட்கவில்லை.

அடுப்பை விட்டுப் படுக்கையறைக்கு வருவோம். இங்கே நமக்கு ஏழ்மை என்ற சாக்கும் கிடையாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாய்க்கால் கொசுவுக்குச் சுருள் கொளுத்திவைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, குழந்தையை நடுவில் போட்டுத் தூங்குகிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகையில் இருப்பதற்குச் சமம் என்றது. பச்சைக்குழந்தை இருக்கிற அறையில் ஒருவன் பீடி பற்றவைத்தால் அடிக்கப் போவோம். சுருளை நாமே பற்றவைத்து, நுனியை ஊதி அணைத்து, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வருகிறோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தலைக்குக் குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி, பூஜையறையில் ஊதுபத்தி எல்லாம் நம் பழக்கம்தான், விடச்சொல்லிக் கேட்கவில்லை. புகை போட்ட கையோடு ஜன்னலைத் திறக்கும் பழக்கத்தை மட்டும் எங்கோ தொலைத்துவிட்டோம். மலைவீடுகளில் இதோடு சேர்ந்து மழைக்காலத்துச் சுவர்ப்பூஞ்சை. கறுப்பாகப் படர்ந்தால் சுண்ணாம்பு அடித்து மறைக்கிறோம்; ஒழுகுகிற இடம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

புகையில் கண்ணுக்குத் தெரிவது கரி. மூச்சைக் கெடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள், தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. மூக்கிலுள்ள முடியும் தொண்டைச் சளியும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. நுரையீரலின் காற்றுப்பை வரை இறங்கும். வருஷக்கணக்கில் இறங்கினால் மூச்சுக்குழாயின் உட்சுவர் தடித்துச் சுருங்கும், சளி கட்டும், காற்றுப்பை தளர்ந்துபோகும். இழுத்த மூச்சை வெளியே விட முடியாமல் திணறும் அந்த நிலைதான் சி.ஓ.பி.டி. ஒருநாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இந்தத் துகள் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவு. விறகு எரியும் அடைத்த சமையற்கட்டில் சமைக்கும் நேரத்தில் அது நூற்றுக்கணக்கில் போகும். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறது; அதன் நுரையீரலும் இன்னும் வளர்ந்து முடியவில்லை. வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாகவும், அதில் 2,37,000-க்கும் அதிகமானவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் 2016-இல் சி.ஓ.பி.டி. இருந்தவர்கள் சுமார் ஐந்தரைக் கோடி.

அந்த ஐந்தரைக் கோடியில் நம் வீட்டு ஆள் யார் என்று நாம் பார்க்கவில்லை. அம்மா இருமினால் "பனி ஒத்துக்கல" என்றோம். மாடி ஏறி மூச்சு வாங்கினால் "வயசாச்சு" என்றோம். பிள்ளைக்கு நெஞ்சு கீச்சிட்டால் சளி என்று மருந்துக்கடையில் டானிக் வாங்கினோம். டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால், பஃப் அடித்தால் பழகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலமாரிக்குள் வைத்தோம். கல்யாண வயதுப் பெண்ணுக்கு வீசிங் இருப்பது தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பஃப்பைத் துணிக்கடியில் மறைத்தோம். ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்துக் கூட்டிவந்து, அன்றைக்கு ராத்திரியே அதே அறையில் சுருளைக் கொளுத்தினோம்.

கேஸ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம். அங்கேயும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி நம் தமிழ்நாட்டில், விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதை நடத்தியவர்களில் ஒருவர். பாதிப்பேருக்கு 18 மாதம் கேஸும் அடுப்பும் இலவசம். அவர்கள் மூச்சில் போன புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் 2022-இலும் 2024-இலும் வெளியான முடிவுகளில், பிறந்த குழந்தையின் எடையிலோ கடும் நிமோனியாவிலோ எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் விறகே போதும் என்று இதைத் திரித்துக்கொள்ள நமக்கு ஆசை வரும். கர்ப்பம் ஆனபிறகு ஒன்றரை வருஷம் மட்டும் மாற்றுவது, பெண் சிறுமியாக ஊதுகுழல் பிடித்த நாளிலிருந்து சேர்ந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிடாது என்று படிப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. பக்கத்து வீட்டுப் புகையும், குப்பை எரிக்கும் புகையும் நம் வீட்டுக்குள் வரத்தான் செய்கின்றன. கேஸ் தீயிலிருந்தும் நைட்ரஜன் டையாக்சைடு வருகிறது. அதற்கும் ஜன்னல் வேண்டும். ஆக, ஒரு சிலிண்டரை வாங்கிப் போட்டுக் கைகழுவ முடியாது. சீக்கிரம் தொடங்கவேண்டும், எல்லா வீடும் தொடங்கவேண்டும், விடாமல் செய்யவேண்டும்.

செய்யக்கூடியது நிறைய நம் கைக்குள்ளேயே இருக்கிறது. அதிக நேரம் எரியும் உலையையும் வெந்நீரையும் முதலில் கேஸுக்கோ இண்டக்ஷனுக்கோ மாற்றலாம். சிலிண்டரை விருந்தாளிக்குச் சேமிக்கவேண்டாம். விறகு தவிர்க்க முடியாத வீட்டில் புகைபோக்கி வைத்து, கரி தட்டும் நாளைக் காலண்டரில் குறித்து, அதை வீட்டு ஆண்கள் செய்யட்டும். விறகு காயாமல் அடுப்புக்குப் போகவேண்டாம். பிளாஸ்டிக் ஒருநாளும் போகவேண்டாம். வொர்க் ஏரியாவின் தார்ப்பாயை மழை விட்டதும் சுருட்டிக் கட்டலாம். கொசுவுக்கு வலை இருக்கிறது. ஜன்னலுக்கும் அடிக்கலாம், கட்டிலுக்கும் கட்டலாம். குளிர் ஊர்களில் ராத்திரி முழுக்கத் திறக்க முடியாதுதான். சமைக்கும் நேரத்தில் எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்தாலே காற்று புகையை அள்ளிக்கொண்டு போகும். கரித்தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது மட்டும் எந்தக் குளிருக்கும் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணக்காது, எழுப்பாது.

நம் குடும்ப சுகாதார மையங்களில் ஸ்வாஸ் கிளினிக் என்று மூச்சுக்காகவே ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. ஊதிப் பார்த்து நுரையீரலின் பலத்தைச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனை, இன்ஹேலரைச் சரியாக இழுக்கப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. நாமோ பிரஷர் பார்க்க வரிசையில் நிற்கிறோம், சுகர் பார்க்க நிற்கிறோம், மூச்சைப் பார்க்கச் சொல்லி யாரையும் கூட்டிப்போனதில்லை.

மலையிலும் சமவெளியிலும் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் வாரம் தவறாமல் கூடுகின்றன. சீட்டு, கடன், தையல் மிஷின் எல்லாம் அங்கே பேசப்படுகிறது. அடுத்த கூட்டத்துக்கு ஆண்களும் போய் வாசலில் நிற்காமல் உள்ளே உட்காருவோம். எந்த வீட்டில் புகைக்கு வழியில்லை, யார் எத்தனை மாதமாக இருமுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வோம். முதலில் நம் வீட்டைச் சொல்லுவோம். கிளினிக்குக்கு யாரை யார் கூட்டிப்போவது, எந்தக் குழாயை யார் சுத்தம் செய்வது என்று அங்கேயே பிரித்துக்கொண்டு எழுந்தால், இத்தனை நாள் தள்ளிப்போட்ட ஞாயிற்றுக்கிழமை அந்த வாரமே வந்துவிடும்.